வாயை மென்றால் சம்மதம் என்று யார் சொன்னது?

"டாக்டர், இப்போ அடங்கிட்டா. வாயை மெல்றா, பாருங்க!" குதிரை மருத்துவரான எனக்கு இப்படி ஒரு குறிப்போடு இன்னொரு வீடியோ அனுப்பியிருக்கிறார் ஒரு குதிரை உரிமையாளர். குதிரை வாயை மென்றால் அது மனிதனுக்கு அடங்கிவிட்டது என்பது பலரின் நம்பிக்கை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

வட்டக் களத்தில் ஒரு பெண் குதிரை சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கழுத்தில் கயிறு இல்லை. நடுவில் நிற்பவர் சாட்டையை ஆட்டியபடி இருக்கிறார். வேகம் குறைந்தால் மறுபடி விரட்டல். கடைசியில் குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, எதையோ மெல்வதுபோல் தாடையை அசைத்து, அவரிடம் நடந்து வருகிறது. இதற்கு 'லிபர்ட்டி ட்ரெயினிங்' (கட்டில்லாச் சுதந்திரப் பயிற்சி) என்று பெயர் வேறு.

அந்தக் குதிரையைப் பார்க்க நேரில் போனேன். குதிரை அசையாமல் நின்றது. "எவ்வளவு சாதுவா நிக்கிறா!" என்றார் உரிமையாளர். அவர் சாட்டையைக் கையில் எடுத்ததும், அதன் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பை எண்ணினேன். நிமிடத்துக்கு 70-ஐத் தாண்டியது. ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இருந்தால் சரி. கண்ணுக்கு மேல் தோல் முக்கோணமாக மடிந்திருந்தது, மூக்குத் துளைகள் இறுகியிருந்தன, வால் பின்புறத்தோடு ஒட்டிக் கிடந்தது. சாதுவாம்!

மெல்லுவது அடிபணிவின் அடையாளம் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தார்கள். அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. பயம் வந்தால், ஆபத்துக்கு உடலைத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது, வாய் உலர்ந்துபோகிறது. பயம் விலகும்போது, உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் கை திரும்பவும் ஓங்குகிறது. எச்சில் ஊறுகிறது, குதிரை நக்குகிறது, மெல்லுகிறது. அதாவது சற்று முன்புவரை அது பதற்றத்தில் இருந்தது என்பதற்கான தடயம் அது. மனிதக் கை படாமல் திரியும் குதிரைக் கூட்டங்களிலும் இதைக் கவனித்திருக்கிறார்கள். அங்கே விரட்டப்பட்ட குதிரையும் மென்றது, விரட்டிய குதிரையும் மென்றது. விரட்டியது யாருக்கு அடங்கியதாம்?

"அப்படியானால் ஏன் என்னிடம் வந்தது?" என்பார்கள். விரட்டல் இல்லாத ஒரே இடம் நீங்கள் நிற்கும் இடம், அதனால் வந்தது. கயிற்றைக் கழற்றிவிட்டீர்கள், சரி. வேலி இருக்கிறதே!

உண்மையில் குதிரைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையே இல்லை. பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. விடை எண் வந்ததும் குளம்பால் தட்டுவதை நிறுத்திவிடும். உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் பஃபுங்ஸ்ட் ஆராய்ந்து, கேள்வி கேட்டவர் தம்மையறியாமல் தலையை லேசாக அசைத்ததைப் பார்த்துத்தான் அது நிறுத்தியது என்று 1907-இல் காட்டினார். கேட்டவருக்கே தெரியாத அசைவு அது. அதைப் படிக்கத் தெரிந்த பிராணியின் முன்னால் சாட்டையைச் சுழற்றுவானேன்?

களத்தின் கதவைத் திறந்து வையுங்கள். போக வழியிருந்தும் உங்களோடு நிற்கிறதா என்று பாருங்கள், போனால் விடுங்கள். துணைக் குதிரை கண்ணில் படும்படி இருக்கட்டும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, தோள் பக்கமாக நெருங்குங்கள். காது உங்கள் பக்கம் திரும்பிய கணமே ஒரு அடி பின்வாங்கி மூச்சை விடுங்கள். அதற்குப் பரிசு அதுதான். தட்டிக்கொடுப்பதை விட்டுவிட்டு, கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் தங்களுக்குள் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறையும்.

வெறும் வயிற்றோடு ஓடவிடவே கூடாது. குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஓடும்போது அது மேலே தெறித்து, பாதுகாப்பில்லாத மேற்பகுதியை அரிக்கும். முதலில் கொஞ்சம் வைக்கோலோ புல்லோ போடுங்கள். புண் வந்தபிறகு என்னிடம் மருந்து கேட்டு என்ன பயன்?

ஒரு வேண்டுகோளும் உண்டு. நேற்றுவரை ஓடிவந்த குதிரை இன்று ஒதுங்கினால் அதை 'திமிர்' என்று சொல்லாதீர்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கீறியிருக்கலாம்; சேணம் முதுகை அழுத்தியிருக்கலாம்; குளம்பு சூடாக இருக்கலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். பயிற்சியாளரை அப்புறம் கூப்பிடலாம்.