விடுமுறையில் படித்ததற்கு நோட்டு கேட்காதீர்கள்

"விடுமுறையில் மூன்று புத்தகம் படித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் மதிப்புரை எழுதி வரவும்." ஏப்ரல் கடைசியில் பல பள்ளிகள் பிள்ளைகளுக்கு இப்படி எழுதி அனுப்புகின்றன. ஜூனில் நோட்டுகள் வந்து குவியும். பிரவுன் அட்டை, ஸ்கெட்ச் பேனா பார்டர், அட்டைப்படத்தின் கலர் ஜெராக்ஸ். உள்ளே போனால் பத்துப் பேர் நோட்டில் ஒரே வாக்கியம். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் இந்த நோட்டுகள் என் மேசைக்குத்தான் வரும். எழுதியவர்களில் பலர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பது இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும். இணையத்தில் கதைச்சுருக்கம் கிடைக்கிறது. ஏஐ-யிடம் கேட்டால் மதிப்புரையே கிடைக்கிறது. சில நோட்டுகளில் இருப்பது அம்மாவின் கையெழுத்து.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டது நோட்டு, கொடுத்ததும் நோட்டு.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கோடை வாசிப்புப் பட்டியல் வெகுகாலமாக இருக்கிறது. நீண்ட விடுமுறையில் படிப்பு பின்னுக்குப் போகிறது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 1996-ல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குச் சரிவு இருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் வாசிப்பு பற்றி ஆராயும் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஃப்ளோரிடாவில் ஒன்று செய்து பார்த்தார்கள். ஏழைக் குழந்தைகள் தாங்களே பொறுக்கிய புத்தகங்களை, கோடைக்கு 12 வீதம், மூன்று கோடைகள் தொடர்ந்து, அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. அவர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கடல் பற்றிய நாவல் ஒன்றைத் தானே தேடி எடுத்துப் போனான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில்தான் இருந்தார். அவர் வலை பின்னிக்கொண்டிருக்க, இவன் சத்தமாக வாசித்திருக்கிறான். ஒரு இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னாராம்: "இந்தக் காத்துல யாருடா வலை விடுவான்?" பள்ளி திறந்ததும் அவன் இதைச் சொல்ல வந்தான். எழுதியவர் எங்கே தவறினார், அப்பா சொன்ன காற்று எது என்று மதிய உணவு மணி அடிக்கும் வரை பேசினான். மதிப்புரை என்று நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஆகவே புத்தகம் இரண்டு போதும், தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். ஜூனில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, "எந்த இடத்தில் உனக்கு ஒத்துப்போகவில்லை?" என்று கேளுங்கள். படிக்காதவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்தாறு பக்கச் சிறுகதை போதும், வீட்டில் ஒருவர் வாசிக்கக் கேட்டாலும் சரி. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் தமிழ்ப் பாடநூலில் 'அறிவை விரிவு செய்' பகுதியைப் புரட்டுங்கள். தேர்வில் கேள்வி வராது என்பதால் நாம் தாண்டிப் போகும் நல்ல பட்டியல் அது.

பத்தாம் வகுப்பு எழுதி முடித்த மறுவாரமே ப்ளஸ் ஒன் டியூஷனில் சேர்க்கும் பெற்றோரிடம் ஒரு கோரிக்கை. மே மாதத்தில் மதியமாவது அவர்களை விட்டுவிடுங்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கிராமங்களில் ஊர்ப்புற நூலகங்கள் இருக்கின்றன. புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாக் சரிபார்க்க வேண்டும் என்று ஏப்ரலில் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிப் பீரோவில் பூட்டுகிறோம். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் ஒரே மாதத்தில் புத்தகம் பூட்டுக்குள் இருக்கிறது. சரிபார்ப்பை மார்ச்சிலேயே முடித்துவிட்டு, கடைசித் தேர்வன்று ஆளுக்கு இரண்டு புத்தகம், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். சில புத்தகங்கள் தொலையும். அதற்காகப் பிள்ளைகளிடம் அபராதம் கேட்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வேறு வாங்கிக்கொள்ளலாம்.