சந்தா கட்டாமல் ஒலிநூல் கேட்க

ஒலிநூல் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘30 நாள் இலவசம்’ என்ற விளம்பரம். அட்டை எண்ணையோ யுபிஐ ஆட்டோபேயையோ வாங்கிக்கொண்டு தருவது இலவசம் அல்ல, தள்ளிப்போட்ட சந்தா. செயலியை அழித்துவிட்டாலும் ஆட்டோபே நிற்காது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதியில் அதைத் தனியே ரத்து செய்யவேண்டும்.

உண்மையிலேயே காசு கேட்காத இடம் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம். 2005இல் ஹ்யூ மெக்வயர் தொடங்கியது. படிப்பவர்கள் தன்னார்வலர்கள், கணக்குகூடத் தொடங்க வேண்டாம். ஆங்கிலம்தான் மிகுதி, தமிழ் கொஞ்சம். புகழ்பெற்ற நூல்களுக்குப் பல பதிவுகள் இருக்கும்; சிலவற்றில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும். அது எரிச்சலூட்டும் என்றால் விரிவான தேடலில் ஒரே குரல் என்று பொருள்படும் ‘சோலோ’வைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் இறக்குவதற்குமுன் இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள். குரல் ஒட்டவில்லை என்றால் நல்ல நூலும் பாதியில் நின்றுவிடும்.

ஒலித்தரத்தைக் குறிக்கும் எண்ணில் 64 கேபிபிஎஸ் கோப்பு மணிக்குச் சுமார் 29 எம்பி. பத்து மணி நேர நூலுக்கு 290 எம்பி ஆகும். 128 என்றால் இரட்டிப்பு. பேச்சுக்குரலுக்கு 64 தாராளம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது இறக்கிய பிறகுதான். ஜிப்பை விரித்துப் பாட்டுச் செயலியில் போட்டால், கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தான் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பின் இருபதைக் கொண்டுவரும். கோப்புகளின் பெயர் 01, 02 என்று இல்லாமல் 1, 2 என்று இருந்தால் சில செயலிகள் 1, 10, 11, 2 என்று அடுக்கும். நடுவில் ஒரு பாட்டுக் கேட்டால் நிறுத்திய இடமும் போச்சு. ஆண்ட்ராய்டில் ‘வாய்ஸ்’, ஐபோனில் ‘புக்பிளேயர்’ போன்ற ஒலிநூல் செயலிகள் ஒவ்வொரு நூலிலும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். நூலுக்கு ஒரு ஃபோல்டர் போதும்.

யூடியூபில் கிடைக்கும் தமிழ் ஒலிநூல்களில் அனுமதி வாங்காதவையும் உண்டு. இன்று இருப்பது நாளை காணாமல் போகும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்ததற்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். 1965இல் மறைந்தவரின் எழுத்து 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. மூலநூல் பொது என்பதால் அதை நேற்றுப் படித்துப் பதிந்தவரின் ஒலிக்கோப்பும் பொதுவாகிவிடாது.

தமிழில் பதிவு கிடைக்காதபோது கைபேசியையே படிக்கவிடலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்திலும் நூல்கள் இலவசம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடி, கூகுள் எஞ்சினில் தமிழ்க் குரலை நிறுவிக்கொள்ளுங்கள். எபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பையே எடுங்கள். பிடிஎஃபில் வரிக்கு வரி வாக்கியம் ஒடியும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் படிக்க எழுத்தே இருக்காது. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்பு என்றால் உளறல்தான் கேட்கும். உரைநடை தேறும். செய்யுளை மட்டும் இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள், சீர் எது அடி எது என்று அதற்குத் தெரியாது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. மேலே சொன்ன 60 ஆண்டுக் கணக்கு அவர்களுக்குத் தடையில்லை: அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில் தர இந்தியக் காப்புரிமைச் சட்டமே விலக்கு அளிக்கிறது. அதனால் புது நூல்களும் கிடைக்கும். உறுப்பினராக மாற்றுத்திறனாளிச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.