பஸ் லேட்டானா ஊர் சின்னதாகும்: பிரிட்டன் நகரங்கள் ஏன் லண்டனை விட்டு இவ்ளோ பின்தங்குச்சு?

"கோயம்புத்தூரை தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு சொல்லிச் சொல்லியே வளந்தோம், ஆனா அந்த ஒரிஜினல் மான்செஸ்டருக்கு வேலைக்குப் போன என் தம்பி, லண்டன்ல இருக்குற ஃப்ரெண்டை விட சம்பளம் ரொம்ப கம்மிங்கிறான். ஒரே நாடு, ரயில்ல ரெண்டு மணி நேரம் சொச்சம் தான் தூரம், அப்புறம் ஏன் இப்படி?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி. இதுக்கு பதில் சொல்றேன்னு உக்காந்தா பாதி பதில் பஸ் ஸ்டாப்புல போய் நிக்குதுங்கிறது தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

முதல்ல இதுல என்ன புதிர்னு பாத்துடுவோம். பணக்கார நாடுகள்ல பொதுவா ஊர் பெருசாக ஆக ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல உண்டாக்குற மதிப்பும் கூடும், இதைத் தான் உற்பத்தித்திறன்னு சொல்றாங்க, சம்பளம் கடைசியில இது பின்னாடி தான் போகும். ஜெர்மனியில மியூனிக், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட் எல்லாமே தேசிய சராசரிக்கு மேல. பிரிட்டன்ல லண்டன் மட்டும் சராசரியை விட கால்வாசிக்கும் மேல உசரத்துல நிக்குது, அடுத்த வரிசையில வர வேண்டிய பர்மிங்காம், மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் எல்லாம் சராசரியை ஒட்டியோ அதுக்குக் கீழயோ கிடக்குது. பெரிய ஊரா இருந்தும் பெரிய ஊருக்கான பலன் கிடைக்கல. அதே நேரம் வடக்க இருக்குற எடின்பரோ, தெற்க இருக்குற பிரிஸ்டல் மாதிரி சின்ன ஊருங்க நல்லா இருக்கு. அதனால இதை வடக்கு-தெற்கு பிரச்சினைன்னு மட்டும் சொல்லி முடிச்சிட முடியாது.

வரலாறு உங்களுக்கே தெரியும், சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். பருத்தி, நிலக்கரி, இரும்பு இந்த மூணும் வடக்கை வளத்துச்சு, அப்புறம் மூணுமே கைவிட்டுடுச்சு. 1920 வாக்குல பிரிட்டன்ல சுரங்கத் தொழிலாளிங்க கிட்டத்தட்ட 12 லட்சம் பேர், கடைசி நிலக்கரி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பர்ல மூடியாச்சு. மான்செஸ்டரைச் சுத்தின லங்காஷயர் பகுதியோட துணிக்கு போட்டியா வந்ததுல நம்ம பக்கத்து மில்லுங்களுக்கும் பங்கு உண்டு, பாபநாசத்துலயும் மதுரையிலயும் மில் வச்ச ஹார்வி சகோதரர்களே பிரிட்டன்காரங்க தான்! ஆனா தொழில் செத்தது மட்டும் தான் காரணம்னா பிரான்ஸோட லியோன் நகரமும் பட்டுத் தொழிலை இழந்த ஊர் தான், அது எப்படி மீண்டுச்சுன்னு கேக்கணும். இன்னொரு கூத்து, பர்மிங்காம் 1960-கள் வரைக்கும் நல்லா சம்பாதிச்ச ஊரு, அது ஓவரா வளருதுன்னு சொல்லி 1965-ல அரசாங்கமே அங்க புது ஆபீஸ் கட்டடங்களுக்கு கட்டுப்பாடு போட்டுச்சு, ஃபேக்டரிகளுக்கு அதுக்கு முன்னாடியே லைசென்ஸ் கெடுபிடி இருந்துச்சு. வளர்ற ஊரை அமுக்கினா தளர்ற ஊர் வளந்துடும்னு நம்பிருக்காங்க.

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். பெரிய ஊர்ல இருக்குறதாலயே ஒரு ஆள் ஏன் அதிகமா உண்டாக்குறாரு? அதே இன்ஜினியர், அதே லேப்டாப், ஊர் மட்டும் மாறுது. ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-லயே இதைப் பத்தி எழுதிட்டாரு, இப்ப பொருளாதார நிபுணருங்க மூணு வழி சொல்றாங்க. ஒண்ணு பகிர்வு, ஒரு ஏர்போர்ட், ஒரு பெரிய லேப், ஸ்பெஷலிஸ்ட் வக்கீல் இதெல்லாம் நிறைய கம்பெனிங்க சேந்தா தான் கட்டுப்படியாகும். இன்னொண்ணு கத்துக்கிறது, பக்கத்து கம்பெனிக்காரன்கிட்ட டீ குடிக்கும்போது காதுல விழுற சமாச்சாரம். மூணாவது பொருத்தம், எனக்கு இது தான் முக்கியம். வரன் தேடுற மாதிரி தான், உங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல பத்து வரன் இருந்தா அதுல ஓரளவுக்கு சரியா வர்றதை முடிப்பீங்க, ஆயிரம் இருந்தா நிஜமாவே பொருந்துறது கிடைக்க வாய்ப்பு எக்கச்சக்கம் (ஜாதகக் கட்டத்தைச் சொல்லல, அதுல எனக்கு துளி நம்பிக்கையும் கிடையாது, ரெண்டு பேருக்கும் நிஜமா ஒத்துப்போறதைச் சொல்றேன்). வேலையும் அப்படித் தான், ஒரு கம்பெனிக்கு ரொம்ப ஸ்பெஷலான ஒரு ஆள் வேணும், அந்த ஆள் ஊர்ல எங்கயோ இருக்காரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சா ரெண்டு பேருக்கும் லாபம். இல்லன்னா அவரு கிடைச்ச வேலையில உக்காருவாரு, கம்பெனி கிடைச்ச ஆளை வச்சு ஓட்டும்.

இங்க தான் பஸ் உள்ள வருது. "ஊர்ல எங்கயோ இருக்காரு"ன்னு சொன்னேன்ல, அந்த "ஊர்"ங்கிறது மேப்புல போட்ட கோடு கிடையாது. தினமும் காலையில நியாயமான நேரத்துல வேலைக்கு வந்து சேரக்கூடியவங்க எல்லாரும் இருக்குற பரப்பு தான் அந்த ஊர்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், நம்பர் எல்லாம் நானா வச்சுக்கிட்டது. நகர மையத்துக்கு வர 30 நிமிஷம் தான் பொறுப்போம்னு வைங்க. பஸ் ஸ்டாப்புக்கு நடக்க 5 நிமிஷம், காத்திருக்க 5 நிமிஷம், மிச்சம் 20 நிமிஷம் பஸ்ஸுக்குள்ள. பஸ் மணிக்கு 18 கிலோமீட்டர் போனா 20 நிமிஷத்துல 6 கிலோமீட்டர். மையத்தைச் சுத்தி 6 கிலோமீட்டர் ஆரத்துல வட்டம் போட்டா பரப்பு 113 சதுர கிலோமீட்டர். இப்ப காலை 8 மணி நெரிசல், பஸ் மணிக்கு 12 கிலோமீட்டர் தான் போகுது. 20 நிமிஷத்துல 4 கிலோமீட்டர், பரப்பு 50. வேகம் மூணுல ஒரு பங்கு தான் குறைஞ்சுது, ஆனா ஊர் பாதிக்கும் கீழ சுருங்கிடுச்சு, ஏன்னா வட்டத்தோட பரப்பு ஆரத்தோட வர்க்கம், எட்டாங் கிளாஸ் கணக்கு. இதோட பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வரல, இன்னும் 5 நிமிஷம் கூட நிக்கணும்னா பஸ்ஸுக்குள்ள 15 நிமிஷம் தான், 3 கிலோமீட்டர், பரப்பு 28. மொதல்ல இருந்ததுல சரியா கால்வாசி! ஒரு ஆள் வீடு மாறல, ஒரு கம்பெனி மூடல, ஆனா முக்கால்வாசி ஊர் காணாமப் போச்சு.

இன்னும் ஒரு படி போவோம். பொருத்தம்ங்கிறது ஜோடிகளோட விஷயம். 10 பேர் இருந்தா 45 ஜோடி சாத்தியம், 5 பேர் இருந்தா 10 ஜோடி தான். ஆட்கள் பாதியானா ஜோடிகள் கிட்டத்தட்ட கால்வாசி. நம்ம கணக்குல ஊர் கால்வாசி ஆச்சுல்ல, அப்ப ஜோடிகள் பதினாறுல ஒரு பங்கு! நிஜத்துல யாரும் எல்லாரையும் சந்திக்கிறதில்ல, அதனால உற்பத்தித்திறன் இந்த அளவுக்கு தலைகீழா விழாது, ஊர் ரெண்டு மடங்கானா உற்பத்தித்திறன் சுமார் 3 முதல் 8 சதவீதம் கூடும்னு தான் பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவங்க சொல்றாங்க. கேக்க சின்ன நம்பரா இருக்கும், ஆனா ஒரு ஊர்ல இருக்குற எல்லாரோட சம்பளத்துலயும் வருஷா வருஷம் 5 சதவீதம் விட்டுப்போச்சுன்னா அது எவ்ளோ பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க.

என் கணக்கு வட்டம், நிஜ ஊர் வட்டமா இருக்காது, பஸ் ரூட்டும் ரயில் லைனும் போற திசையில நீண்டு நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதை நிஜ டேட்டாவை வச்சு பாத்தவரு டாம் ஃபோர்த்ங்கிற டேட்டா ஆராய்ச்சியாளர், லீட்ஸ்காரரு. டைம்டேபிளை நம்பாம, பர்மிங்காம் பஸ்ஸுங்க நிஜமா எந்த நிமிஷம் எங்க இருந்துச்சுங்கிற லைவ் டேட்டாவை சேத்து வச்சு 2019-ல கணக்கு போட்டாரு. காலை நெரிசல்ல 30 நிமிஷத்துக்குள்ள பஸ்ல மையத்துக்கு வரக்கூடியவங்களை மட்டும் எண்ணினா, புள்ளிவிவரத்துல இருக்குற பர்மிங்காம்ல பாதி கிட்ட தான் தேறுது. அந்த சுருங்கின சைஸை வச்சு பிரெஞ்சு நகரங்களோட ஒப்பிட்டா, பர்மிங்காம் ஏன் ஏழையா இருக்குங்கிற புதிர்ல பெரும்பகுதி கரைஞ்சிடுதுன்னு சொல்றாரு, அதாவது அது பெரிய ஊரா இருந்து தோத்த ஊர் இல்ல, நடைமுறையில ஒரு நடுத்தர ஊர். லியோன்ல நாலு மெட்ரோ லைன் இருக்கு, டிராம் இருக்கு, அதுங்களுக்கு எட்டு மணி நெரிசல் ஒரு பொருட்டே இல்ல.

பிரிட்டன்லயும் ஒரு காலத்துல டிராம் இருந்துச்சு சார். மான்செஸ்டர் 1949-ல நிறுத்துச்சு, பர்மிங்காம் 1953, லீட்ஸ் 1959, ஷெஃபீல்ட் 1960. எல்லாரும் கார் வாங்கிடுவாங்கன்னு நினைப்பு. அப்புறம் 1985-ல மார்கரெட் தாட்சர் அரசாங்கம் சட்டம் போட்டு 1986 அக்டோபர்லருந்து பஸ்ஸை சந்தை கையில விட்டுச்சு, எந்த கம்பெனியும் லாபம் வர்ற ரூட்ல ஓட்டலாம், வராத ரூட்டை விடலாம், கட்டணமும் அவங்க இஷ்டம். அதுல லண்டனுக்கு மட்டும் விலக்கு! அங்க ரூட்டையும் கட்டணத்தையும் அரசு அமைப்பு முடிவு பண்ணும், கம்பெனிங்க டெண்டர் எடுத்து ஓட்டுவாங்க. அதுக்கப்புறம் ஒரு தலைமுறைக்குள்ள லண்டன்ல பஸ் பயணங்கள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, மத்த பெருநகரப் பகுதிகள்ல பாதிக்கும் கீழ போச்சு. லண்டன்ல ஜனத்தொகையும் கூடுச்சு, அதனால முழுசும் இந்த சட்டத்தால தான்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரே நாட்டுல ரெண்டு விதி போட்டுப் பாத்த இந்த மாதிரி சோதனை அடிக்கடி கிடைக்காது.

டிராம் திரும்ப வந்துச்சா? மான்செஸ்டருக்கு 1992-ல வந்துச்சு, அந்த நெட்வொர்க் இன்னைக்கும் வளருது. லீட்ஸுக்கு சூப்பர்டிராம் தர்றேன்னு சொல்லி 2005-ல கையை விரிச்சாங்க, அப்புறம் டிராலிபஸ்னு ஒரு திட்டம், அதையும் 2016-ல நிராகரிச்சாச்சு. மெட்ரோவும் இல்லாம டிராமும் இல்லாம இருக்குற மேற்கு ஐரோப்பாவோட மிகப் பெரிய நகரங்கள்ல லீட்ஸும் ஒண்ணு. ஏன் கிடைக்கலன்னா, பிரிட்டன்ல வரிப்பணம் பெரும்பாலும் லண்டன்ல இருக்குற நிதித்துறை வழியா தான் வரும், ஊருக்குன்னு சொந்த வருமானம் ரொம்பக் கம்மி. நிதித்துறை ஒவ்வொரு திட்டத்துக்கும் லாப-செலவு கணக்கு கேக்கும், அதுல எத்தனை பேரு ஏற்கனவே அந்த வழியா போறாங்கங்கிறதுக்கு பெரிய எடை. கூட்டமா இருக்குற ஊருக்கு ரயில் கிடைக்கும், ரயில் கிடைச்ச ஊர்ல கூட்டம் சேரும். லண்டன்ல எலிசபெத் லைன் சுமார் 1,900 கோடி பவுண்ட் செலவுல 2022-ல திறந்தாச்சு. மான்செஸ்டருக்கு வர வேண்டிய அதிவேக ரயில் பாதையை 2023 அக்டோபர்ல அப்ப பிரதமரா இருந்த ரிஷி சுனக் ரத்து பண்ணாரு, அந்த அறிவிப்பை மான்செஸ்டர்லயே நின்னு சொன்னாரு, அந்த தைரியம் யாருக்கு வரும்!

பஸ்ஸை மட்டும் சரி பண்ணா போதுமான்னா, போதாது. நம்ம வட்டத்துக்குள்ள எத்தனை பேர் இருக்காங்கங்கிறதும் முக்கியம்ல. பாரிஸ், பார்சிலோனா பக்கம் மையத்தை ஒட்டியே அஞ்சாறு மாடி அபார்ட்மென்ட்ல ஜனம் நெருக்கமா வாழுது, பிரிட்டன் ஊருங்கள்ல ரெண்டு மாடி ஒட்டு வீடும் பின்னாடி தோட்டமுமா பரவிக் கிடக்கும், அதே பரப்புல ஆள் கம்மி. போக்குவரத்து தான் காரணம்ங்கிற வாதத்துக்கு ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோ இன்னொரு இடைஞ்சல், லண்டனுக்கு வெளிய பெரிய புறநகர் ரயில் நெட்வொர்க் அங்க தான் இருக்கு, 1896-லருந்து சுரங்க ரயிலும் ஓடுது, ஆனாலும் ஐரோப்பாவுல அதே சைஸ் ஊருங்களை எட்டிப் பிடிக்கல. ஆக போக்குவரத்து ஒரு பூட்டு, இன்னும் பூட்டுங்க இருக்கு.

அதுல ஒரு பூட்டைப் பத்தி புலம்பாம என்னால இருக்க முடியாது, ஆராய்ச்சிப் பணம். கிராஃபீனை (ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்குற கார்பன் தாள்) 2004-ல பிரிச்செடுத்தது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல, ஆந்த்ரே கெய்முக்கும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவுக்கும் 2010-ல நோபல் கிடைச்சுது. அப்படிப்பட்ட ஊரு இருக்குற நாட்டுல அரசோட ஆராய்ச்சிப் பணம் தலைக்கு இவ்வளவுன்னு பாத்தா லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சுத்து வட்டாரத்துல தான் குவியுது. இதே டாம் ஃபோர்த்தும் ரிச்சர்ட் ஜோன்ஸ்ங்கிற இயற்பியல் பேராசிரியரும் 2020-ல கணக்கு போட்டாங்க, தென்கிழக்குல தலைக்கு செலவழிக்கிற அதே அளவை மத்த பகுதிகளுக்கும் தந்தா வருஷத்துக்கு 400 கோடி பவுண்ட் கூடுதலா போகணுமாம். "சிறந்த இடத்துக்குத் தான் தர்றோம்"னு பதில் சொல்லுவாங்க. முப்பது வருஷம் பணம் கொட்டின இடம் சிறந்த இடமாத் தான் இருக்கும், அதை தகுதின்னு சொல்றது எனக்கு ஒப்புக்கல. வடக்குல படிச்சவங்க கம்மின்னு ஒரு பழைய சாக்கும் உண்டு, அன்னா ஸ்டான்ஸ்பரி, டான் டர்னர், முன்னாள் அமைச்சர் எட் பால்ஸ் மூணு பேரும் 2023-ல ஆராய்ஞ்சு, இப்போதைக்கு முக்கிய தடை பட்டதாரிங்க பற்றாக்குறை இல்ல, பெரிய நகரங்களோட போக்குவரத்தும் ஆராய்ச்சி ஆதரவும் தான்னு சொன்னாங்க.

இப்ப ஒரு புது சோதனை ஓடிக்கிட்டு இருக்கு. கிரேட்டர் மான்செஸ்டர்ல மேயர் ஆண்டி பர்னம் பஸ்ஸை திரும்ப பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வந்தாரு, 2023 செப்டம்பர்ல போல்டன், விகன் பக்கம் ஆரம்பிச்சு 2025 ஜனவரியில முழுப் பகுதியும் முடிஞ்சுது. பீ நெட்வொர்க்னு பேரு, மஞ்சக் கலர் பஸ்ஸு, டிராமுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கட்டண முறை. வாசகரோட தம்பி அந்த ஊர்ல தான் இருக்காருன்னா எனக்கு ஒரு உதவி பண்ணச் சொல்லுங்க, பஸ் எவ்ளோ பளபளப்பா இருக்குன்னு வேணாம், காலை எட்டு மணிக்கு மையத்துக்கு வர எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு மட்டும் குறிச்சு வைக்கட்டும். பஸ்ஸுக்கு தனி லேன் ஒதுக்காம பெயிண்ட்டை மட்டும் மாத்தினா அந்த நிமிஷம் குறையாது, தனி லேன் ஒதுக்கினா கார்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதனால அந்த ஒரு நம்பர்ல தான் என் கண்ணு இருக்கு.