பாலைவனத் தூசியும் ஊருணிப் பாசியும்

ஆடிக் காற்றில் காரைக்குடி வீடுகளின் திண்ணையில் படியும் செம்புழுதி பெரும்பாலும் நம்மூர் மண்தான். சகாராத் தூசியோ கண்டம் தாண்டும். சாட் நாட்டில் போதேலே என்றொரு பள்ளம். முன்னொரு காலத்தில் பெரிய ஏரி. அங்கே வாழ்ந்த டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் வற்றிய தரையில் தூளாகக் கிடக்கின்றன. காற்று அதையும் அள்ளிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்கிறது. 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோள் அளந்த கணக்குப்படி, அமேசான் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 2.8 கோடி டன் ஆப்பிரிக்கத் தூசி விழுகிறது. அதில் செடிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 22,000 டன்!

கடலில் விழும் தூசியின் கதை இரும்பைப் பற்றியது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக இருந்தும் சில கடற்பகுதிகளில் பாசி சரியாக வளர்வதில்லை. எல்லாம் போட்டும் உப்பு மறந்த குழம்பு மாதிரி, அங்கே குறைவது துளி இரும்பு. அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1993இல், அவர் இறந்த சில மாதங்களில், கலாபகஸ் தீவுகள் பக்கம் கடலில் இரும்பைக் கரைத்துப் பார்த்தார்கள், பாசி பெருகியது. ஆனால் தூசியிலுள்ள இரும்பில் பெரும்பகுதி கரையாது. வழியில் மேகங்களின் அமிலம் பட்டால்தான் கொஞ்சம் இளகும்.

அப்படியானால் செம்மண் சூழ்ந்த செட்டிநாட்டு ஊருணியில் பாசி பொங்கி வழிய வேண்டாமா? அதுதான் இல்லை. செம்புறாங்கல் பூமியில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. குறைவது பெரும்பாலும் பாஸ்பரஸ். அந்த இரும்புத் துருவே, பாஸ்பேட்டாக நீரில் கரைந்திருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து வண்டலோடு கட்டியும் போடுகிறது. சோப்பு நீர், சாக்கடை, மாட்டுச் சாணம் வரத்துக்கால் வழியே வந்து சேரும்போதுதான் சிக்கல். பாசி பெருகி, மடிந்து, அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு தன் பிடியைத் தளர்த்த, பூட்டிக் கிடந்த பாஸ்பேட் மறுபடி நீருக்குள் வரும். அடுத்த பாசிக்கு உரம் தயார். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் மீன்கள் வாய் பிளந்து மிதப்பதுண்டு.

குடிநீர் ஊருணியில் குளிக்கவும் துவைக்கவும் விடாமல் காத்த ஊர்க் கட்டுப்பாட்டுக்கு, என்னைக் கேட்டால், எந்த வடிகட்டியும் ஈடில்லை. ஏனென்றால் நீலப்பச்சைப் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது அழியாது.