‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ பேனரா? சேர்வதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்

பொறியியல் கவுன்சிலிங் வந்தால் பேனர்களும் வந்துவிடும். அதை நம்பி நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, கடைசி வருடத்தில் ‘கம்பெனியே வரலையாம்’ என்று நிற்கும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கம். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அனுமதி பெற்ற கல்லூரி, ‘மேண்டேட்டரி டிஸ்குளோஷர்’ (கட்டாய வெளியீடு) என்ற பெயரில் கட்டணம், ஆசிரியர், வேலைவாய்ப்பு விவரங்களைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்குப் போகும் கல்லூரி, அங்கே கொடுத்த தரவையும் வெளியிட வேண்டும்.

போடுவார்கள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில். திறந்தால் பழைய பிடிஎஃப் கூட இருக்கலாம், ஆண்டைப் பாருங்கள்.

என்ஐஆர்எஃப் கோப்பில் முதலாண்டு சேர்ந்தவர், குறித்த காலத்தில் முடித்தவர், வேலை பெற்றவர், இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பேனரில் இருப்பது யாரோ ஒருவர் வாங்கிய உச்சச் சம்பளம். கோப்பில் இருப்பது வேலை கிடைத்தவர்களில் நடுவில் நிற்பவருடையது. கிடைக்காதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘நூறு சதவீதம்’ என்பதும் பல இடங்களில் அரியர் உள்ளவர்களைக் கழித்துவிட்டுப் போட்டதுதான். வேலை பெற்றவரைச் சேர்ந்தவர் எண்ணிக்கையால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பெரிய பொறி வேறு. அந்தக் கோப்பில் நான்காண்டுப் படிப்பு மொத்தத்துக்கும் ஒரே எண்தான், துறைவாரியாக இருக்காது. 2024-25 முதல் நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை இடங்களுக்கான உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அப்புறம் என்ன, கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகின. கவுன்சிலிங்கில் எது போணியாகிறதோ அதுதான் கூடுகிறது, வேலைச் சந்தையை யார் பார்த்தார்கள்? ஆகவே உங்கள் துறையில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்று எழுத்தில் கேளுங்கள். ‘சேர்ந்த பிறகு பிளேஸ்மென்ட் ஆபீசரைப் பாருங்க’ என்றால் சந்தேகப்படுங்கள்.

அரசு, உதவிபெறும் கல்லூரி என்றால் நேராகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். சுயநிதி என்றால் ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்பார்கள். அப்போது கல்லூரி சமர்ப்பித்த விவரங்களின் நகலை ஏஐசிடிஇயிடமும் இணைப்புப் பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். ‘ஏன்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், ‘நகல் தருக’ என்று எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, கவுன்சிலிங் காத்திருக்காது. பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

சேர்ந்து ஏமாந்துவிட்டால், அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே தடை செய்துவிட்டது. ‘விலகுகிறேன்’ என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள். எவ்வளவு பணம் திரும்பும் என்பது அந்தத் தேதியைப் பொறுத்தது.