ஏஐ திட்டத்துக்கு 10,372 கோடி: நாடாளுமன்றம் எப்படிக் கணக்குக் கேட்கும்?

'இந்தியா ஏஐ மிஷன்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு சுமார் 10,372 கோடி ரூபாய். ஏஐ பயன்பாட்டுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் ஏஐக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

இதுதான் சிக்கல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு விதி போட்டால், அதை இரு அவைகளிலும் 30 நாள் வைத்தாக வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். வெறும் வழிகாட்டு நெறிமுறைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் எம்.பி.க்கள் கையில் முக்கியமாக இருப்பவை இரண்டு: பணம், கேள்வி.

பணத்தைப் பார்ப்பது தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு. இரு அவைகளையும் சேர்ந்த 31 பேர். தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் பணத்தை, அலசி அறிக்கை தருவார்கள். கூட்டம் மூடிய அறையில்தான். அறிக்கை பொதுவில் வரும். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் என்ன நடவடிக்கை எடுத்தது என்று அரசு எழுதித் தர வேண்டும்.

அப்புறம் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள். இவற்றில் அமைச்சர் நேரில் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்கவே தனிக் குழு இருக்கிறது. பலருக்கும் தெரியாத, உண்மையிலேயே பலமான வழி இது. பதில்கள் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன, யாரும் படிக்கலாம்.

சரி, நாம் நேரடியாகக் கேட்க முடியாதா? முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "இந்த ஏஐ மென்பொருளை ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. டெண்டர் ஆவணம், ஒப்பந்த நகல், துல்லியச் சோதனை அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'வணிக ரகசியம்' என்று 8(1)(d) பிரிவைக் காட்டி மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதைக் குறிப்பிட்டு, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.