13 பைட்டை எப்படி நகலெடுப்பது?

மெம்காப்பி (memcpy), மெம்மூவ் (memmove) என்ற ஃபங்ஷன்கள் இரண்டுமே அரேயை நகலெடுக்கத்தானே, சி புரோகிராமிங் மொழியில் எதற்கு இரண்டு என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார்.

பைட் பைட்டாக லூப் போட்டால் மெதுவாகத்தான் போகும். ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டரில், சாதாரண வகையானால் ஒரே நேரத்தில் 8 பைட் பிடிக்கும், வெக்டர் ரெஜிஸ்டரில் 16, 32. மெம்காப்பி, மெம்மூவ் இரண்டுமே இதைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

மூலமும் இலக்கும் நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் வேறுபாடு. 10, 20, 30, 40, 50 என்ற அரேயில் முதல் நான்கை ஓரிடம் வலப்பக்கம் தள்ள வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் 20 இருந்த இடத்தில் 10 விழும். அடுத்து 20-ஐப் படிக்கப் போனால் அங்கே 10தான் இருக்கும். கடைசியில் ஐந்துமே 10. பின்னாலிருந்து வந்தால் 10, 10, 20, 30, 40 என்று சரியாக அமையும். மெம்மூவ் முகவரிகளை ஒப்பிட்டு அதற்கேற்ற வழியில் நகலெடுக்கும். மெம்காப்பிக்கு அந்தக் கடமை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, லினக்ஸில் இந்த இரண்டையும் தரும் குனு சி நூலகமான ஜிலிப்சி சின்ன நகல்களைக் கையாளும் விதம். 13 பைட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு, அப்புறம் நான்கு, அப்புறம் ஒன்று என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை பார்க்க வேண்டும். ஜிலிப்சி அப்படிச் செய்வதில்லை. முதல் 8 பைட்டை ஒரு ரெஜிஸ்டரிலும் கடைசி 8 பைட்டை இன்னொன்றிலும் ஏற்றிக்கொள்கிறது. நடுவில் 3 பைட் இரண்டிலும் இருக்கும். இருக்கட்டுமே! திரும்ப எழுதும்போது அந்த மூன்றும் இருமுறை எழுதப்படும். மதிப்பு ஒன்றே என்பதால் எதுவும் கெடாது. 8 முதல் 15 வரை எந்த நீளமானாலும் இரண்டு முறை படிப்பு, இரண்டு முறை எழுத்து, அவ்வளவுதான். எழுதத் தொடங்குமுன் எல்லாம் படித்து முடிந்துவிடுவதால் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்ற கேள்வியே எழுவதில்லை. எவ்வளவு அழகு!

பெரிய நகல்களில்தான் அந்தக் கேள்வி கடிக்கும். 2010-ல் ஜிலிப்சியின் புதிய மெம்காப்பி சில ப்ராசஸர்களில் பின்னாலிருந்து நகலெடுத்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில், பிரௌசரில் வீடியோ, பாட்டு ஓட்டும் ஃப்ளாஷ் ப்ளேயரின் ஒலி சிதைந்தது. மெம்மூவ் வேண்டிய இடத்தில் அது மெம்காப்பியை அழைத்திருந்தது. சி மொழியின் அதிகாரபூர்வ விதிகளின்படி தவறு ஃப்ளாஷுடையதுதான். ஆனால் பாட்டுக் கேட்கிறவருக்கு அதனால் என்ன ஆறுதல்? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது பயனர்கள் பக்கம் நின்று வாதிட்டார், என் கட்சியும் அதுதான். முகவரிகளை ஒப்பிட ஓரிரு கட்டளைகள் கூடுதலாவது பெரிய செலவே இல்லை. கடைசியில் ஜிலிப்சி 2.14 பதிப்பில் ஒரு வழி செய்தார்கள்: 64-பிட் x86 கணினிகளில் பழைய புரோகிராம்கள் மெம்காப்பி கேட்டால் மெம்மூவே கிடைக்கும்.

புதிதாகக் கம்பைல் செய்யும் புரோகிராமுக்கு இந்தச் சலுகை கிடையாது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், படியும் நகல்களைப் பிடித்துக் கொடுக்கும்.